இருபது வளைவும் இருபது லிட்டரும்

எங்கள் வேனின் கழிப்பறையில் ஒரு சின்னப் பொட்டு இருக்கிறது. கீழே உள்ள கழிவுப் பெட்டியில் இடம் இருக்கும்வரை அது பச்சையாக இருக்கும். நிரம்பிவிட்டால் சிவந்துவிடும்.

ஏற்காட்டில் ஏரிக்குச் சற்று மேலே வண்டியை நிறுத்தியிருந்தோம். மாலை ஐந்தரை மணி இருக்கும், மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா உள்ளே போய்விட்டு வந்து, "கண்ணு, பொட்டு சிவந்துவிட்டது" என்றார். தம்பி மகன் ஓட்டுநர் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தான். "இங்கே எங்கே அத்தை ஊற்றுவது?" என்று கேட்டான். மேட்டூரில் ஒரு நாள், ஒகேனக்கலில் ஒரு நாள் சுற்றிவிட்டு நேராக மலைக்கு வந்திருந்தோம். அடிவாரத்தைக் கடக்கும்போதே அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும்.

வேன் வாங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 79 வயது. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்த பிறகு அவரால் குத்தவைத்து உட்கார முடியாது. சர்க்கரை வேறு. முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்தாக வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன்பு மதுரையில் ஒரு கல்யாணம். அதிகாலையில் சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டில் காரில் ஏறியவர், வழியில் இறங்க நேரக்கூடாது என்று ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கொடுத்தபோதெல்லாம் "வேண்டாம் கண்ணு, தாகமில்லை" என்றார். மண்டப வாசலில் கண் இருண்டு என் தோளில் சாய்ந்தார். நம் ஊர்ப் பெண்கள் எத்தனை தலைமுறையாக இப்படித் தாகத்தை அடக்கிக்கொண்டு பயணம் செய்திருக்கிறார்கள் என்று அன்று மருத்துவமனைப் படுக்கையின் பக்கத்தில் உட்கார்ந்து நினைத்தேன். நானும் பள்ளியில் வேலை பார்த்த 32 ஆண்டுகளில் அப்படித்தான் இருந்தேன்.

ஓய்வுப் பணத்தில் ஒரு பழைய டிராவலர் வேன் வாங்கி, சங்ககிரி சாலையில் ஒரு பட்டறையில் கொடுத்தோம். இரண்டு படுக்கை, ஒரு சிறிய அடுப்பு மேடை, 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. உருக்காலை இருக்கிற ஊரில் தொட்டியைப் பிளாஸ்டிக்கில் செய்ய எனக்கு மனம் வரவில்லை. எவர்சில்வரிலேயே அடித்து வாங்கினேன். பின்பக்கம், அம்மா கைப்பிடித்து உட்காரும் உயரத்தில் கழிப்பறை. மற்றதெல்லாம் அதற்காகத்தான்.

அந்தக் கழிப்பறை இரண்டு அடுக்கு கொண்டது. மேலே உட்காரும் பகுதியும் அலசுவதற்கான தண்ணீரும். கீழே 20 லிட்டர் பிடிக்கும் பெட்டி. இரண்டுக்கும் நடுவில் இழுத்துத் திறக்கும் ஒரு தகடு. கொக்கிகளை விடுவித்தால் கீழ்ப்பெட்டி தனியாகக் கழன்றுவிடும். சூட்கேஸைப் போலத் தூக்கிக்கொண்டு போகலாம். இரண்டு பெண்கள் பயன்படுத்தினால் இரண்டரை நாள் வரும். நிறைந்தபின் அதன் எடை 20 கிலோவைத் தாண்டும் என்பதால், பாதி நிறைந்ததும் காலி செய்துவிடுவதே என் வழக்கம். அந்தப் பயணத்தில்தான் தவறிவிட்டேன்.

இதை வாங்கப் போகிறவர்களுக்காக ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். கடையில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். மலை ஏறியதும் சிப்ஸ் பொட்டலம் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். ஒரு மணி நேரத்துக்குள் இந்த உயரத்தை ஏறிவிடுகிறோம். வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்றோ அடிவாரத்து அழுத்தத்திலேயே இருக்கிறது. அதோடு, உள்ளே நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாயு. அதோடு, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் இடமும் வலமும் குலுங்கிய குலுக்கல். முதல் முறை மலைக்கு வந்தபோது, மேலே சேர்ந்ததும் அம்மாவுக்கு அவசரம். நான் தகட்டை வேகமாக இழுத்தேன். உள்ளிருந்து சீறிக்கொண்டு மேலே அடித்தது. என் முகம், கை, சேலை, கூரை எல்லாவற்றிலும். வாசலில் நின்ற அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னால்தானே உனக்கு இதெல்லாம்" என்று அழுதார். துடைத்துக் கழுவ எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அவரைச் சமாதானப்படுத்த அன்றைய இரவு முழுவதும் ஆயிற்று.

பெட்டியில் காற்றை வெளியேற்ற ஒரு சிறிய பொத்தான் இருக்கும். மேலே போய்ச் சேர்ந்ததும், வண்டியின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, முதலில் அதை அழுத்துங்கள். 'உஸ்' என்ற சத்தம் அடங்கிய பிறகுதான் தகட்டைத் தொட வேண்டும். முடிந்தால் அடிவாரத்திலேயே காலி செய்துவிட்டு ஏறுங்கள்.

அந்தச் சிவப்புப் பொட்டு மாலைக்கு வருகிறேன்.

முதலில் இரவு வண்டி நிறுத்த அனுமதி வாங்கியிருந்த விடுதிக்கே போனோம். மேலாளர் நல்ல மனிதர், அம்மாவுக்குச் சுடுதண்ணீர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும், "அதற்கென்ன அம்மா, பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள், ஆள் அனுப்புகிறேன்" என்றார். சிறிது நேரத்தில் ஓர் அம்மையார் வந்தார். என் வயதுதான் இருக்கும். உள்ளங்கையில் ஒரு துணியைச் சுற்றியிருந்தார், கையுறை இல்லை. பெட்டியில் என்ன இருக்கிறது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஆனாலும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"நீங்கள் தொடாதீர்கள், நானே ஊற்றுகிறேன். கழிப்பறை எங்கே என்று மட்டும் காட்டுங்கள்" என்றேன்.

மேலாளருக்குச் சங்கடம். "அறைகளில் ஆட்கள் இருக்கிறார்கள், வாடை வரும். இவர் பின்பக்கம் எங்காவது கொட்டிவிடுவார்" என்றார்.

எங்காவது. விடுதியின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். மதில் சுவர் முடிகிற இடத்தில் சில்வர் ஓக் மரங்கள், அதன் கீழே சரிவு, சரிவில் ஒரு வாய்க்கால். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் திரும்ப வண்டியில் ஏற்றினேன். அந்த அம்மையார் ஒன்றும் பேசவில்லை. வண்டி கிளம்பும்போது சன்னல் பக்கம் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பார்த்துப் போங்கள் ஆத்தா" என்றார்.

மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ள வைப்பதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம் வந்தது. அது போதாமல் 2013-இல் இன்னொன்று வந்தது. இரண்டு சட்டங்களுக்கும் முன்பே நம் தெருக்களில் அந்த வேலை யார் தலையில் சுமத்தப்பட்டது, எந்தப் பிறப்பைக் காட்டிச் சுமத்தப்பட்டது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். என் அம்மாவுக்கு வசதியாக ஒரு வண்டி செய்துகொண்டு, அதன் கழிவுக்கு மட்டும் அந்தப் பழைய ஏற்பாட்டையே திரும்பக் கொண்டுவருவதானால், வண்டியை அன்றே விற்றுவிடுவது மேல். எங்கள் பெட்டியை நான் தூக்குவேன். என்னால் முடியாதபோது தம்பி மகன் தூக்குவான். முதலில் அவனுக்குத் தயக்கம் இருந்தது. நான் இரண்டு முறை செய்வதைப் பார்த்த பிறகு, மூன்றாம் முறை அவனே கையுறையைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அடுத்து ஒரு தேநீர்க் கடை. கடைக்காரர் சாலையோரக் கால்வாயைக் காட்டினார். "இதிலேயே விடுங்கள், ராத்திரி மழை வரும், அடித்துக்கொண்டு போய்விடும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கண்ணில் படாமல் போய்விட்டால் போய்விட்டது என்று நாம் எல்லோருமே நினைக்கிறோம்.

மழை அதை எங்கே அடித்துக்கொண்டு போகும்? ஏற்காடு ஏரி நிரம்பினால் உபரி நீர் கிளியூர்ப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிற அந்த அருவியின் கீழேதான் பிள்ளைகள் குளிக்கிறார்கள். மலையின் இன்னொரு பக்கம், மஞ்சவாடிப் பகுதியில் தோன்றும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. நகருக்குள் அந்த ஆறு இன்று எப்படி இருக்கிறது என்று சேலத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றில் மீன் பிடித்ததாக அம்மா சொல்லும் கதைகளை நான் கேட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. மலையிலோ மண் ஆழமில்லை, சில இடங்களில் ஒரு முழம் தோண்டினால் பாறை. பாறை இடுக்கில் இறங்கும் நீர்தான் கீழே இருக்கிற ஊர்களில் சுனையாக வருகிறது. நாக்குப்பூச்சி முட்டை ஈர மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். 20 லிட்டர்தானே என்று தோன்றும். கோடை விழாச் சமயத்தில் மலைக்கு எத்தனை வண்டிகள் வருகின்றன என்று நினைத்துப் பாருங்கள்.

இருட்டிவிட்டது. தம்பி மகனுக்கு நாகலூர் சாலையில் ஒரு காபித் தோட்டத்துக் காவலரைத் தெரியும். அங்கே விருந்தினர் தங்கும் இரண்டு அறைகள் உண்டு. தொலைபேசியில் சொன்னதும், வரச் சொல்லிவிட்டார். நாங்கள் போனதும் டார்ச் விளக்கைப் பெட்டியின் மேல் அடித்துப் பார்த்துவிட்டு அவர் முதலில் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை.

"உள்ளே என்ன மருந்து ஊற்றியிருக்கிறீர்கள்?"

அந்த ஒரு கேள்வியால் அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. இந்தக் கழிப்பறைகளுக்கென்று நீல நிறத் திரவம் ஒன்று விற்கிறார்கள். அவற்றில் சிலவற்றில் இருப்பது ஃபார்மால்டிஹைடு. பள்ளி உயிரியல் ஆய்வகத்தில் தவளையைப் பாட்டிலில் போட்டு வைத்திருப்போமே, அந்த ஃபார்மலின்தான். தவளை ஏன் அழுகுவதில்லை? அழுக வைக்கிற நுண்ணுயிர்களை அது கொன்றுவிடுகிறது. செப்டிக் டேங்க் வேலை செய்வதோ அந்த நுண்ணுயிர்களை நம்பித்தான். காற்றில்லாத தொட்டிக்குள் அவை கழிவைத் தின்று கரைக்கின்றன. கசடு அடியில் படிகிறது, தெளிந்த நீர் உறிஞ்சு குழிக்குப் போகிறது. ஒரு சிறிய தொட்டியில் போய் அந்த நீலத் திரவத்தை ஊற்றினால் இடம் கொடுத்தவரின் தொட்டியையே கெடுத்துவிடுவோம். இந்தக் காவலருக்கு அந்த அனுபவம் இருந்தது. யாரோ ஒரு வாரம் முழுக்கப் பினாயிலை வாளி வாளியாகக் கழிப்பறையில் ஊற்றியதில், டேங்க் நாறிப்போய் லாரி வரவழைக்க வேண்டியதாயிற்றாம்.

நான் நீலத் திரவம் பயன்படுத்துவதில்லை. செப்டிக் டேங்குக்குப் போடும் நுண்ணுயிர்த் தூள் கடையில் கிடைக்கிறது, அதில் இரண்டு கரண்டி, அவ்வளவுதான். பொட்டலத்தைக் காட்டினேன். வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, வேலையாட்களுக்கான வெளிக்கழிப்பறையைத் திறந்துவிட்டார்.

கோப்பைக்கு மிக அருகில் பெட்டியின் வாயை வைத்து, காற்றுப் பொத்தானை அழுத்திக்கொண்டே மெதுவாகச் சாய்க்க வேண்டும். பொத்தானை அழுத்தாவிட்டால் 'களக் களக்' என்று துள்ளித் தெறிக்கும். பிறகு பெட்டிக்குள் இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அதையும் அதிலேயே விட்டு, இரண்டு வாளி தண்ணீரால் அலசிவிட்டேன். தரையையும் தேய்த்துக் கழுவினேன். பத்து நிமிட வேலை. காவலர் பணம் வேண்டாம் என்றார். தண்ணீருக்காவது இருக்கட்டும் என்று நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். "டேங்க் நிறைந்தால் யாரைக் கூப்பிடுவது என்று எங்களுக்கே குழப்பமாக இருக்கிறது" என்றார். 14420 என்ற கட்டணமில்லா எண்ணை அவர் வீட்டு நாள்காட்டியின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய அரசு அறிவித்த எண் அது.

2019-இல் மகளைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தபோது, ஓரிகான் மாநிலக் கடற்கரையோரமாக வாடகைக் கேரவனில் நான்கு நாள் சுற்றினோம். அங்கே ஒரு மாநிலப் பூங்காவின் வாசல் பக்கத்தில்தான் முதன்முதலில் கழிவு இறக்கும் நிலையத்தைப் பார்த்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. நடுவை நோக்கிச் சரிவாகப் போட்ட ஒரு சிமெண்டுத் தரை, நடுவில் காலால் திறக்கும் மூடி போட்ட ஒரு துளை, பக்கத்தில் அலச ஒரு குழாய். அந்தக் குழாயில் 'குடிக்க அல்ல' என்று எழுதியிருந்தது. குடிநீர்க் குழாய் தள்ளித் தனியாக இருந்தது. அங்கே வண்டிகளின் அடியில் இரண்டு தொட்டிகள் இருக்கின்றன: மலத்துக்கு ஒன்று, குளித்த, பாத்திரம் கழுவிய நீருக்கு ஒன்று. மூன்று அங்குலக் குழாயைத் துளையில் மாட்டி முதலில் மலத்தொட்டியைத் திறப்பார்கள். அது வடிந்தபின் சோப்பு நீரைத் திறந்தால் குழாய் தானாகவே கழுவப்பட்டுவிடும். மலத்தொட்டியின் அடைப்பானை எப்போதும் மூடியே வைத்திருக்க வேண்டும் என்றும், திறந்து போட்டால் நீர் மட்டும் வடிந்து, கெட்டியானது உள்ளேயே குவிந்து இறுகிவிடும் என்றும் மருமகன் விளக்கினார்.

எனக்கு அந்தக் குழாய்களைவிட நினைவில் நிற்பது வரிசைதான். எங்களுக்கு முன்னால் எழுபது வயதைத் தாண்டிய ஒரு தம்பதி. மனைவி கையுறை போட்டுக்கொண்டு குழாயை மாட்டினார், கணவர் அடைப்பானைத் திறந்தார். வேலை முடிந்ததும் தரையில் தண்ணீர் அடித்துவிட்டு, எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார்கள். யாரும் யாரையும் கூப்பிட்டு அனுப்பவில்லை.

இங்கே அப்படி நிலையங்கள் இல்லாததால், கேட்டுத்தான் பழகியிருக்கிறேன். பெங்களூர் நெடுஞ்சாலையில் சில பெட்ரோல் பங்குகளில் டீசல் போட்டுவிட்டு மேலாளரிடம் நேராகச் சொல்வேன்: "கழிவுப் பெட்டி இருக்கிறது, கெமிக்கல் இல்லை, நானே ஊற்றி நானே கழுவிவிடுகிறேன்." ஒளித்துக்கொண்டு போய் ஊற்றுவது கூடாது, ஒருமுறை ஒருவர் அசிங்கப்படுத்திவிட்டுப் போனால் அடுத்து வருகிற எல்லோருக்கும் கதவு மூடிவிடும். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துக் கேட்பேன். பத்தில் ஆறேழு பேர் சம்மதிக்கிறார்கள். பெண்ணாக, வயதானவளாக, அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பதால் இருக்கலாம். மறுத்தவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர்கள் தொட்டி எவ்வளவு சிறியதோ. பாத்திரம் கழுவிய நீரைத் துணியில் வடிகட்டி ஒரு கேனில் பிடித்துவைக்கிறேன். சோற்றுப் பருக்கை வாய்க்காலில் போனால் குரங்குகள் வரும். கழிவுக்கென்று சிவப்பு வாளி, சிவப்புக் குழாய், குடிநீருக்குப் பச்சை. இரண்டும் ஒரே பெட்டியில்கூட இருக்கக்கூடாது என்று தம்பி மகனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பயணம் முடிந்து வந்த வாரத்தில், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒரு மனு கொடுத்தேன். ஏற்காடு அடிவாரத்தில், வண்டிகள் எப்படியும் நின்று போகிற இடத்தில், ஒரு சரிவுத் தரை, மூடியுள்ள ஒரு துளை, ஒரு குழாய், கீழே முறையாகக் கட்டிய ஒரு தொட்டி. கட்டணம் வைக்கட்டும். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் லாரிகள் கொண்டுவரும் மலக்கசட்டுக்கென்றே ஒரு சுத்திகரிப்பு நிலையம் நடப்பதையும் எழுதியிருந்தேன்; நம் மாநிலத்துக்குப் புதிய யோசனை ஒன்றும் இல்லை என்பதற்காக. கேரவன் வைத்திருப்பவர்களுக்காக மட்டும் நான் கேட்கவில்லை. சுற்றுலாப் பேருந்துகளில் வயதானவர்களுக்காக இதே மாதிரிப் பெட்டி வைக்கிறவர்களைப் பார்க்கிறேன். கட்டடத் தொழிலாளர்களுக்குத் தற்காலிகக் கழிப்பறை வைக்கிற ஒப்பந்தக்காரர்களும் இதே பெட்டியை வைத்துக்கொண்டு இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். நகலைக் கோப்பில் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் மறுபடி போவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சேர்வராயன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று அம்மா கேட்டார். காலையில் நாகலூர்த் தோட்டத்துக் காவலருக்குத் தொலைபேசியில் சொன்னேன். வீட்டிலேயே பெட்டியைக் காலி செய்து, அலசி, வெயிலில் காயவைத்து மாட்டினேன். கோரிமேடு தாண்டி, மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் வண்டியை ஒரு நிமிடம் நிறுத்தச் சொன்னார் அம்மா. எவர்சில்வர் தொட்டியின் குழாயைத் திறந்து ஒரு சொம்பு பிடித்தார். அண்ணாந்து, நிறுத்தாமல், முழுவதையும் குடித்தார். பிறகு இன்னொரு சொம்பு பிடித்தார்.